களவு போக வேண்டிய அந்தூரியம்

"புதன், போயா. டீச்சர் வீட்டு அந்தூரியக் கன்றை மறுபடியும் திருப்பிக் கொடுத்தேன். டீச்சரின் முகம் சரியில்லை. மழை இல்லை."

நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. மாதமும் வருடமும் அச்சிட்டிருந்த மூலையைக் கரப்பான் தின்றுவிட்டது. ஆனாலும் காலத்தைக் கண்டுபிடிக்க வழியிருக்கிறது. தாளின் முன்பக்கத்தில் பாதி நிலாவின் படம் போட்டு, கீழே விடுமுறை என்று அச்சிட்டிருக்கிறார்கள். போயா என்று சொல்லிப் பாதி நிலாவுக்கெல்லாம் இந்த நாடு விடுமுறை எடுத்தது ஒரு காலத்தில்தான். அறுபதுகளின் பிற்பகுதியில், ஞாயிற்றுக்கிழமையை வேலைநாளாக்கி, வார விடுமுறையை நிலவின் பின்னால் ஓடவிட்டிருந்த அந்தச் சில வருடங்களில். ஆகவே இந்தக் கதை அந்த வருடங்களுக்குள் நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகம் உள்ள இடம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் அப்போது கண்டிக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், எழுதுவினைஞன். அம்பிட்டியவில் வாடகைக்கு இருந்தோம். மலைச்சரிவில் படி படியாக வெட்டிக் கட்டிய வீடுகள். எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் இடுப்பளவு மதில் ஒன்று. மதிலுக்கு அப்பால் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கன்னியாஸ்திரிகளிடம் படித்து, ஊரில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் பழக்கியவர். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அவருக்குத் துணை ஒரு கிழட்டு நாய். அது வாசற்படியில் கிடக்கும். எழுந்து நடந்ததை நான் பார்த்ததில்லை.

எங்களுக்குத் திருமணமாகி நான்காவது வருடம். பிள்ளை இல்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பேசும் வேலையைக் கம்பளையில் என் அக்கா வீட்டார் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அக்கா அங்கே புடைவைக் கடைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபுகுதல் எதுவானாலும் யார் எதைச் செய்ய வேண்டும் என்பது அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

எங்கள் ஆட்களின் கல்யாணங்களில் முளைப்பாலிகை போடுவது வழக்கம். கல்யாணத்துக்குச் சில நாட்கள் முன்பு, சுமங்கலிப் பெண்கள் ஆளுக்கொரு மண்சட்டியில் ஊறவைத்த நவதானியத்தைத் தெளித்து, துணியால் வாய்கட்டி, இருட்டறையில் வைப்பார்கள். கல்யாண நாளன்று திறந்தால் வெளிறிய மஞ்சள் முளைகள் நெருக்கமாக எழும்பி நிற்க வேண்டும். நன்றாக முளைத்தால் போட்டவளுக்குக் கைராசி. அக்காவின் மூத்த மகன் கல்யாணத்தில் என் மனைவியும் ஒரு சட்டி போட்டாள். திறந்தபோது மற்றச் சட்டிகளெல்லாம் காடாக நிற்க, அவளுடைய சட்டி மொட்டையாக இருந்தது. ஒரேயொரு பாசிப்பயறு மட்டும், வீடு மாறி வந்த விருந்தாளிபோல, ஓரத்தில் எட்டிப் பார்த்தது.

காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த அறைப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் துணியை அவிழ்த்து விரலால் கிளறிப் பார்த்திருக்கிறாள்.

"முளைச்சிருக்கான்னு பார்க்காம எப்படிங்க இருக்கிறது?" என்றாள் என்னிடம். "பார்த்தா என்ன, பயறு வெக்கப்படுமா?"

கம்பளையில் யாருக்கும் இந்தக் காரணம் தெரியாது. முளைக்காத சட்டியை முளைக்காத வேறொன்றோடு முடிச்சுப் போட அங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்கவும் தேவையில்லை.

பிறகு அக்காவின் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக்கு இடமாற்றம் கிடைக்க வேண்டியிருந்ததால் கல்யாணத்தை அடுத்த வருடம் ஆவணிக்குத் தள்ளிவைத்தார்கள். அக்கா எதையும் தள்ளிவைக்கவில்லை. நாங்கள் போயிருந்த அன்றே வேலைகளைப் பிரித்தாள்.

"பாலிகைக்கு இந்தத் தடவை அஞ்சு பேரு போதும். கைராசி உள்ள ஆளுங்களாப் பார்த்து வச்சிருக்கேன்" என்றாள். பிறகு என் மனைவியிடம் திரும்பி, "நீ பந்திக்கு வெத்தலை மடிச்சுக் குடு பிள்ளை. அது முளைக்க வேண்டியதில்ல" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பாதி சிரித்துவிட்டேன்.

திரும்பும்போது, கண்டி வாவிக்கரையில் இறங்கி அம்பிட்டிய பஸ்ஸுக்காக நின்றபோதுதான் பேசினாள்.

"ஏங்க, ஒரு செடி. என் கையால ஒரே ஒரு செடி பூத்துட்டாப் போதும். அதை மதினி வந்து பார்க்கணும். பார்த்துட்டு அவங்க வாயாலேயே என்னைப் பாலிகை போடக் கூப்பிடணும்."

அவள் கையால் ஒரு செடி பூப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு எங்கள் குசினிப் பின்புறமே சாட்சி. அங்கே வெற்றுப் பால்மாத் தகரப் பேணிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் மல்லிகைக் குச்சி, ஒன்றில் ரோஜாக் குச்சி, ஒன்றில் கொத்தமல்லி என்று சொல்லப்பட்ட மண். ஒவ்வொன்றையும் நட்ட மறுநாளே வேர் விட்டிருக்கிறதா என்று பிடுங்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் அன்போடு நட்டுவிடுவாள். அத்தனை அன்பைத் தாங்கி எந்தக் குச்சியும் பிழைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் கண் டீச்சர் வீட்டு அந்தூரியத்தில் விழுந்தது. அம்பிட்டியவில் அந்தூரியம் இல்லாத வீடு குறைவு. ஆனால் டீச்சரிடம் இருந்தது கறுப்பை எட்டிப் பார்க்கும் சிவப்பு. பூவின் மடல் மெழுகு பூசியது போல மினுங்கும். என் மனைவி காலையில் துணி காயப்போடும்போது அதைப் பார்ப்பாள். மாலையில் துணி எடுக்கும்போது பார்ப்பாள். துணி இல்லாத நாளிலும் கொடிக் கயிற்றைச் சரிபார்க்கப் போவாள். டீச்சர் இதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் பார்த்தால், அந்தூரியச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். திருச்சபை இதற்கு அனுமதிக்கிறதா என்பது எனக்குத் தெரியாது.

செருப்பு கட்டிய சில நாட்களுக்குப் பிறகு ஒரு மாலை. நான் கச்சேரியிலிருந்து வந்தபோது மதிலின் மேல், எங்கள் பக்கமாக, ஒரு சின்ன அந்தூரியக் கன்று இருந்தது. வேரில் ஈரச் சாக்குத் துண்டு சுற்றியிருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு நேரே போய் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"டீச்சர், இதை மதில்ல விட்டுட்டீங்க."

டீச்சர் கன்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னதில்லையே தம்பி."

"உங்க செடியிலேருந்து பிரிச்சதுதான் டீச்சர். இலையைப் பார்த்தாலே தெரியுது."

"எங்கேயாச்சும் காத்துல பறந்து வந்திருக்கும்."

"சாக்குச் சுத்திக்கிட்டா டீச்சர்?"

அவர் ஒரு பெருமூச்சு விட்டுக் கன்றை வாங்கிக்கொண்டார். இரண்டாவது முறை அது எங்கள் துணி துவைக்கும் கல்லின் மேலேயே கிடந்தது. காகம் கொண்டுவந்து போட்டிருக்கும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது முறைதான் நாட்காட்டித் தாளில் உள்ள போயாப் புதன். அன்று நான் டீச்சருக்கு ஓர் ஆலோசனையும் சொன்னேன்.

"நாயைக் கொஞ்சம் கட்டி வையுங்க டீச்சர். அதுதான் தூக்கிட்டு வருதுபோல."

வாசற்படியில் கிடந்த நாய் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. டீச்சரும் அதே மாதிரித்தான் பார்த்தார்.

அன்று மாலை தேத்தண்ணி குடிக்கும்போது, அயல் வீட்டாரோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு உதாரணமாக இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எத்தனை தடவை?"

"மூணு."

"மூணு தடவையும் கொண்டுபோய்க் கையில குடுத்தீங்களா?"

"பின்னே? மத்தவங்க பொருள் நமக்கெதுக்கு?"

"ஐயோ, நீங்க கச்சேரியிலேயே படுத்துக்கங்க!" என்று தலையில் கைவைத்தாள். "அது நாம எடுக்கட்டும்னு வச்சது! அந்தூரியத்தைக் கேட்டு வாங்கினாப் பிடிக்காது. கையால எடுத்துக் குடுத்தா, குடுத்தவங்க செடி பட்டுப்போகும். களவா எடுத்து வச்சாத்தான் வளரும். பாவம், அவங்க கண்ணை மூடிக்கிட்டு இருந்தாங்க. நீங்க போய்த் தட்டி எழுப்பியிருக்கீங்க."

தாவரவியல் பற்றி நான் படித்த எந்த நூலிலும் இப்படி ஒரு விதி கிடையாது என்றேன்.

"அந்தப் புத்தகத்தை எழுதினவரு வீட்ல ஒரு செடியாவது இருந்துச்சா?" என்று கேட்டாள். நூலில் அந்தத் தகவல் இல்லை.

மதிலுக்கு அங்கும் இங்குமாக அலைந்த அந்தக் கன்று டீச்சர் வீட்டிலேயே வாடிப்போனது. தாய்ச்செடி இன்னொரு கன்று ஈனும்வரை காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், டீச்சருக்கு மனம் புண்பட்டிருந்தது. அவர் கொடுத்ததை நாங்கள் வேண்டுமென்றே ஒதுக்கியதாக நினைத்துவிட்டார். எங்களோடு பேசுவதை நிறுத்தினார். எங்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் நாயிடம் சொல்ல ஆரம்பித்தார்.

"நீ அந்தப் பக்கம் போகாதே, என்னா? பெரிய எடத்து ஆளுங்க. நம்ம வீட்டுச் சாமான் எல்லாம் அவங்களுக்கு வேணாம்."

நாய் எங்கும் போகும் நோக்கத்தில் இல்லை.

இனி என்ன செய்வது? மன்னிப்புக் கேட்டால் கன்றைப் பற்றிப் பேச வேண்டும். கன்றைப் பற்றிப் பேசினால் அது கேட்டு வாங்கியதாகிவிடும். நாங்கள் இப்போது திருடத் தயார் என்பதைத் திருடப்படுபவருக்கு வாய் திறக்காமல் தெரிவிக்க வேண்டும். கச்சேரியில் எத்தனையோ சிக்கலான கோப்புகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்று வந்ததில்லை.

வழியை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். சந்தையில் ஒரு நல்ல மண்சட்டி வாங்கினாள். அதில் தேங்காய் மட்டைத் துண்டுகளும் செங்கல் துண்டுகளும் கரியும் போட்டாள். அந்தூரியம் நடுவதற்கான ஏற்பாடு அது. பார்த்த எவருக்கும் புரியும். சட்டியைக் கொண்டுபோய் டீச்சர் வீட்டு ஜன்னலுக்கு நேரே வைத்தாள். பிறகு தினமும் காலையில், முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், அந்த வெறும் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

மழைக்காலம் வந்தது. மழை பெய்யும்போதும் குடையைப் பிடித்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றினாள். டீச்சர் வீட்டு ஜன்னல் திரை இரண்டு விரல் அகலத்துக்கு விலகும், மூடும். நத்தார் பண்டிகை வந்து போனது. இந்த முறை டீச்சர் வீட்டிலிருந்து கேக் வரவில்லை. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு மாலை, நான் படியேறி வரும்போது டீச்சர் மதிலருகே நின்றுகொண்டிருந்தார். நாய் பக்கத்தில் இல்லை. ஆகவே என்னோடுதான் பேசப்போகிறார் என்று ஊகித்தேன்.

"ஊர்ல களவு கூடிப்போச்சு தம்பி."

"அப்படியா டீச்சர்? கேள்விப்படலையே."

"கூடிப்போச்சு. ஞாயித்துக்கிழமை காலையில நான் பூசைக்குப் போயிருவேன். வீட்ல ஒருத்தரும் இல்ல. நாயும் இருந்து ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். பின்பக்கக் கேட்டும் சரியாப் பூட்டுறதில்ல."

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. இத்தனை நாள் பேசாதிருந்தவர் உதவி கேட்கிறார். "நீங்க பயப்படாமப் போய்ட்டு வாங்க டீச்சர். ஆபீஸுக்கு லீவு போட்டுட்டாவது நான் காவலுக்கு இருக்கேன்" என்றேன்.

டீச்சர் வானத்தைப் பார்த்தார். எங்கள் குசினிக்குள்ளிருந்து ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் என் மனைவி ஈரக் கையோடு வெளியே வந்துவிட்டாள்.

"இவருக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடைக்காது டீச்சர். நானும் அன்னிக்குக் கோயிலுக்குப் போறேன். இங்கேயும் யாரும் இருக்க மாட்டோம்."

டீச்சரின் முகத்தில் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. "அப்போ சரி" என்றார். "ரெண்டு வீட்லயும் ஆள் இல்லாட்டிக் கள்ளனுக்கும் லேசு."

அந்த ஞாயிறு நான் கச்சேரிக்குப் பிந்திப் போனேன். போகாமல் நின்று பார்த்தது வீட்டுக்குள் ஜன்னல் ஓரத்தில். என் மனைவி அதிகாலையிலேயே தலைமுழுகி, பொட்டு வைத்து, நல்ல சேலை உடுத்து, குசினிக் கத்தியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு டீச்சர் வீட்டுப் பின்பக்கக் கேட்டால் உள்ளே போனாள். நாய் கண்ணைத் திறந்தது. இது தனக்குரிய விஷயமில்லை என்று முடிவுசெய்து மூடிக்கொண்டது. அவள் குந்தியிருந்து தாய்ச்செடியிலிருந்து கன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது முன்பக்கக் கேட் திறந்தது. டீச்சர் திரும்பி வந்துவிட்டார். முக்காட்டை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி கத்தியோடு அப்படியே உறைந்துவிட்டாள். டீச்சர் நிதானமாகத் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி, கையிலிருந்த குடையை விரித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு ஹந்தானை மலையைப் பார்த்தபடி நின்றார்.

"ஆண்டவரே, மழை வரும்போல இருக்கே" என்றார் உரக்க.

அன்று வானத்தில் ஒரு மேகமும் இல்லை. இதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

கன்றோடு உள்ளே ஓடிவந்தவளுக்கு மூச்சு வாங்கியது, கண்கள் பளபளத்தன. "இவ்வளவு நல்லா இருக்குமாங்க களவெடுக்கிறது?" என்றாள். "இது தெரியாம இத்தனை நாள் இருந்துட்டேனே."

கன்று சட்டியில் ஏறியது. மூன்றாம் நாளே அவள் விரல் மட்டைக்குள் போய்விட்டது. நான் பார்த்ததைக் கண்டதும் கையை எடுத்தாள். மறுநாள் நான் பார்க்காத நேரத்தில் முழுதாகத் தூக்கிப் பார்த்திருக்கிறாள்; கன்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு இலை மஞ்சளித்தது. இதுவும் பால்மாப் பேணிகளின் வழியில் போகிறது என்று நினைத்தேன். ஆவணியில் அவள் கம்பளைப் பந்தியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பது என் கண்முன் வந்தது.

ஒரு காலை அவள் மணிக்கட்டுவரை சட்டிக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"தோண்டாதே! சீ, கெட்ட நாயே! இப்படி நாளைக்கு நாலு தரம் கைய விட்டுக் கிளறினா வேர் எங்கேருந்து வரும்? சும்மா இருக்க மாட்டியா நீ?"

நாய் வாசற்படியில் நல்ல உறக்கத்தில் இருந்தது.

"நாய்க்குக் கை ஏதுங்க?" என்று என் மனைவி என்னிடம் கிசுகிசுத்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

அன்று மாலை அவள் ஒரு காரியம் செய்தாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மதிலின் மேலேயே வைத்துவிட்டாள். டீச்சரின் ஜன்னலுக்கு நேரே, எந்நேரமும் கண்ணில் படுகிற இடத்தில். இனி அவள் சட்டிக்குள் கைவைத்தால் எதிரே திரை விலகும். அவளுக்குப் பொறுமை வந்தது அந்த ஜன்னலிலிருந்துதான். இல்லாத பொறுமையை இப்படிப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கலாம் என்பதை நான் அதுவரை எங்கும் படித்ததில்லை.

ஆனாலும் அவள் விரல்களுக்கு ஏதாவது கிளறியாக வேண்டும். அந்த மாதங்கள் முழுக்க என் புத்தக அலுமாரியைக் கிளறினாள். நான் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்த பத்திரிகை நறுக்குகள் நிறவாரியாக மாறின. மஞ்சள் கூடியவை ஒரு பக்கம், குறைந்தவை ஒரு பக்கம். மூலை அரிக்கப்பட்ட அந்த நாட்காட்டித் தாள் இன்றும் சமையல் குறிப்புகளுக்கு நடுவில் இருப்பதற்குக் காரணம் இதுதான். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். மதிலில் சாய்ந்திருந்த கன்று மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.

சித்திரை வருடப் பிறப்பும் கடந்தது. செடி அகன்று, அடியில் குட்டியாக இரண்டு கன்றுகளும் விட்டது. ஆடி மாதத்தில் நடுவே ஒரு மொட்டு வந்தது. இறுக்கிச் சுருட்டிய வெற்றிலை போல நின்றது. கல்யாணத்துக்குச் சொல்ல அக்கா எந்த நாளும் வரலாம். மொட்டு திறக்கவில்லை. என் மனைவி அதன் முன்னால் நின்று விரல்களை நீட்டுவாள், மடக்குவாள்.

"நுனியை மட்டும் லேசா விரிச்சுவிட்டா என்னங்க?"

எதிர் ஜன்னலின் திரை அசைந்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அக்கா வந்துவிட்டாள். கம்பளையிலிருந்து பஸ் மாறி வந்து, படியேறி மூச்சிரைக்க வாசலில் நின்றவளின் கண் முதலில் மதிலுக்குத்தான் போனது.

"என்னா பிள்ளை இது? பூவா, இலை சுருண்டு கெடக்குதா?"

"பூதான் மதினி. இன்னும் திறக்கல."

"எப்போ திறக்கும்?"

"திறக்கிறப்போ திறக்கும் மதினி."

நான் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

அக்கா சட்டியைச் சுற்றி நடந்தாள். "யாரு வச்சது?"

"நான்தான்."

"காசு குடுத்து வாங்கினதா? யாராச்சும் குடுத்ததா?"

மதிலுக்கு அப்பால் டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் மனைவி குரலைத் தாழ்த்தினாள். "எடுத்தது மதினி."

கம்பளையிலும் சட்டம் அதுதான் போலிருக்கிறது. அக்காவின் புருவம் உயர்ந்தது. "எடுத்து, உன் கையால வச்சு, பிடிச்சிருச்சா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் குனிந்து, அடியிலிருந்த இரண்டு குட்டிக் கன்றுகளையும் கூர்ந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கதிரையில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "தொண்டை காயுது. ஒரு தேத்தண்ணி போடேன்" என்றாள்.

என் மனைவி குசினிக்குள் போனாள். அக்கா தனியாக இருக்கிறாளே என்று நான் வெளியே நகர்ந்தேன். சட்டையைப் பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள்.

"எங்கே போறீங்க? இங்க நில்லுங்க. பால் பொங்குதான்னு பாருங்க."

"பாலை இன்னும் அடுப்புல வைக்கலையே."

"அதைத்தான் சொல்றேன். பாருங்க." பிறகு வெளியே கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "மதினி, விறகு ஈரமா இருக்கு! கொஞ்சம் நேரமாகும்!"

"ஆகட்டும், ஆகட்டும்! எனக்கென்ன அவசரம்?" என்றது அக்காவின் குரல். அது கதிரைப் பக்கமிருந்து வரவில்லை.

இன்னொரு குரலும் கேட்டது. "கண்ணை மூடு. அடுத்த வீட்டு விஷயம் நமக்கெதுக்கு?" டீச்சர் நாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேத்தண்ணி வந்தது. அக்கா சூடாக ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெற்றிலை பாக்கு வைத்துக் கல்யாணத்துக்குச் சொல்லிவிட்டு உடனே கிளம்பினாள். நான் பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். அவள் கைப்பையின் வாயிலிருந்து பச்சையாக ஒரு இலை நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, பை திறந்திருக்கு."

"இருக்கட்டும் தம்பி" என்றாள் என்னைப் பார்க்காமல். "கொஞ்சம் காத்துப் படட்டும்."

இம்முறை நான் அதை எடுத்துக்கொண்டுபோய் யாரிடமும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் அத்தான் கடைக்குச் சாமான் எடுக்கக் கண்டிக்கு வந்தவர், கச்சேரி வாசலில் என்னைப் பிடித்தார். "ஒங்க அக்கா சொல்லச் சொன்னா. பாலிகை போட ஆள் போதாதாம். ஒத்தைப்படையா வேணும்னு ஐயர் சொல்றாராம். ஒங்க வீட்டுக்காரியை முன்னாடியே அனுப்பிவைங்க, இன்னொருத்தியையும் சேர்த்து ஏழு பேராக்கலாம்." அக்கா முதலில் தீர்மானித்த ஐந்தும் ஒற்றைப்படைதான் என்பதை நான் அத்தானுக்கு எடுத்துச் சொல்லவில்லை. களவெடுத்த கன்று கம்பளையில் பிடிக்க வேண்டுமானால், அது பிறந்த வீட்டுக் கைக்கு ராசி இருந்தாக வேண்டும். அக்கா கணக்கில் கெட்டிக்காரி.

என் மனைவி கம்பளைக்குப் போனாள், தன் சட்டியில் நவதானியம் தெளித்தாள், துணியால் மூடி முடிச்சுப் போட்டாள். அந்த அறையின் சாவியை அக்கா இடுப்பில் செருகிக்கொள்ளும்படி அவளே கேட்டுக்கொண்டாள். பிறகு பூட்டிய கதவுக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்து, பந்திக்கான வெற்றிலையையும் மடித்தாள். ஒரு தடவை ஆசை தாங்க முடியாமல், வலது கையின் மேல் தானே ஏறி உட்கார்ந்துவிட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னாள்.

கல்யாணக் காலையில் அறையைத் திறந்தார்கள். அவளுடைய சட்டி முளைத்திருந்தது. மற்றவற்றைவிட உயரமாகவும் இல்லை, கட்டையாகவும் இல்லை. யாரும் அதைத் தனியாகக் கவனிக்கவில்லை, ஒரு சொல் சொல்லவுமில்லை. சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போன பெண்களின் வரிசையில் அவளும் ஒருத்தியாகப் போனாள். நான் அன்று கண்ட அழகான காட்சி அதுதான். மணப்பெண் என் மருமகள் ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இரவு அவள் என்னிடம் சொன்னாள்: "என் சட்டியில இருந்தது நான் போட்ட முடிச்சு இல்லீங்க. யாரோ அவிழ்த்துப் பார்த்துட்டுத் திருப்பிக் கட்டியிருக்காங்க."

சாவி யாருடைய இடுப்பில் இருந்தது என்பதை நாங்கள் இருவரும் பேசவில்லை.

அம்பிட்டியவுக்குத் திரும்பியபோது பூ திறந்திருந்தது. கறுப்பை எட்டிப் பார்க்கும் அதே சிவப்பு. நாங்கள் படியேறி வரும்போதே தெரியட்டும் என்று யாரோ சட்டியைத் திருப்பி வைத்திருந்தார்கள். டீச்சர் வாசலில் உட்கார்ந்து எங்களைப் பார்க்காதது போல இருந்தார். நான் வாயைத் திறந்தேன். "நன்றின்னு மட்டும் சொல்லிடாதீங்க, வாடிப்போயிரும்" என்று என் மனைவி முழங்கையால் இடித்தாள். ஆகவே, இன்று வெயில் நல்லது டீச்சர் என்றேன். நல்ல வெயில்தான் தம்பி என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது.

எங்கள் மகள் பிறந்தது அதற்கு வெகுநாள் கழித்து. இரண்டையும் சேர்த்துப் பேசுபவர்களுக்குத் தேதிகளைக் காட்டி விளக்கியிருக்கிறேன். தேதிகளைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

கம்பளைக்குப் போன கன்று என்ன ஆனது என்பதை முறையாக விசாரித்தேன். அக்காவிடம் கேட்டால், "எந்தக் கன்னு?" என்றாள். அத்தானைத் தனியே கேட்டேன். கிணற்றடியில் ஒரு சட்டி இருந்ததாகவும், ஒரு நாள் அந்தப் பக்கம் சிவப்பாக ஏதோ தெரிந்ததாகவும், அது பூவா, அக்கா காயப்போட்ட துணியா என்று தான் உற்றுப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். பிறகு ஒரு முறை போனபோது நானே கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தேன். சட்டி இருந்தது. அதில் செடி இல்லை. புதிதாகப் போட்ட தேங்காய் மட்டையும் செங்கல் துண்டும் கரியும் மட்டும் இருந்தன. யாரோ அப்போதுதான் தண்ணீர் ஊற்றியிருந்த ஈரம்.

வீட்டுக்கு வந்து இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, அடுத்த போயாவுக்கு மதினியைச் சாப்பிட வரச்சொல்லுங்கள் என்றாள். ஈர விறகையும் கொஞ்சம் எடுத்து ஒதுக்கிவைத்தாள்.

முதலில் போன கன்று கம்பளையில் வாடியதா, அல்லது பூத்து, அங்கிருந்து இன்னொருத்தி களவெடுத்துக்கொண்டு போனாளா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.